கடுகெண்ணெயும் வெற்றுச் சோதனையும்

முழுக் கடுகை மோந்து பாருங்கள், மணமே தெரியாது. அதை நுணுக்கிக் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால்தான் கண்ணில் நீர் வரவழைக்கும் அந்த நெடி பிறக்கும். விதைக்குள் ஒரு பக்கம் சினிக்ரின் என்ற கந்தகச் சேர்மம் இருக்கிறது, இன்னொரு பக்கம் மைரோசினேஸ் என்ற நொதி. இரண்டும் ஒன்றையொன்று தொடாமல்தான் விதைக்குள் கிடக்கின்றன. அரைபட்டு ஈரமும் சேர்ந்ததும் வினை தொடங்கி அல்லைல் ஐசோதயோசயனேட் உண்டாகிறது. கொல்கத்தாக் கடைகளில் ‘கச்சி கானி’ (சூடேற்றாமல் செக்கில் ஆட்டியது) என்று முத்திரை போட்டு விற்கும் கடுகெண்ணெயின் மதிப்பெல்லாம் இந்த ஒரு வினையில்தான் இருக்கிறது. அந்தப் பெயரில் விற்க வேண்டுமானால் இந்தக் கார எண்ணெய் 0.10 முதல் 0.60 சதவீதம் வரை இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதி கேட்கிறது. சூடு ஏறினால் நொதி செத்துவிடும். எக்ஸ்பெல்லரில் சூடாகப் பிழிந்த எண்ணெயில் நெடி குறைவாக இருப்பது அதனால்தான்.

இளங்கலை மாணவர்களுக்கு எண்ணெய்ப் பகுப்பாய்வு சொல்லிக்கொடுத்த ஆண்டுகளெல்லாம் நான் முதல் வகுப்பை இந்தக் கடுகிலிருந்துதான் தொடங்கினேன். பியூரெட்டைத் தொடுவதற்கு முன்னால் கல்வத்தில் கடுகை அரைத்து மோந்து பார்க்கச் சொல்வேன். எண்ணெயைச் சோதிக்க வருகிறவர் விதையைத் தெரிந்துகொண்டு வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதைத் தெரியாமல் எடுக்கும் அளவீடு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

இந்த எண்ணம் எனக்குப் பாதி விருதுநகரிலும் பாதி கொல்கத்தாவிலும் வந்தது. விருதுநகர் எண்ணெய் வியாபாரத்தில் பேர் பெற்ற ஊர். எங்கள் தாத்தா செக்கு வைத்திருந்தார். எள் ஆட்டும்போது கருப்பட்டியைத் தட்டிப் போடுவார். தண்ணீரைக் கை அளவாகத் தெளிப்பார். ஈரம் கூடிப்போனால் எண்ணெய் பிரியாது, குறைந்தால் பிண்ணாக்கு கட்டாது. எள்ளைக் கையில் அள்ளித் தேய்த்துப் பார்த்தே இது புது எள்ளா, போன வருஷத்து எள்ளா என்று சொல்லிவிடுவார். அமில எண் என்ற சொல்லை அவர் கேட்டதே இல்லை. ஆனால் பழைய விதையில் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். அதைத்தான் பிற்பாடு நான் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலால் சொட்டுச் சொட்டாக அளந்தேன்.

கொல்கத்தாவுக்கு நான் படிக்க வந்தது ராஜாபஜார் அறிவியல் கல்லூரிக்கு. தாரக்நாத் பாலித், ராஷ்பிஹாரி கோஷ் என்ற இரண்டு வழக்கறிஞர்கள் அள்ளிக் கொடுத்த பணத்தில் ஆசுதோஷ் முகர்ஜி 1914-இல் அடிக்கல் நாட்டிய கல்லூரி அது. தமிழர்களுக்கு அந்தக் கட்டடம் சி.வி. ராமனால் தெரியும். அங்கே பாலித் பேராசிரியராக இருந்தவர் அவர். வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் அங்கே படிக்க வந்தவர்தான். எங்கள் மாவட்டத்துக்காரர் என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. ஆனால் வேதியியல் படிக்கப் போன எங்களுக்கு அந்தக் கல்லூரி பிரபுல்ல சந்திர ராயின் வீடு. சொல்லுக்காகச் சொல்லவில்லை, அவர் உண்மையிலேயே அங்கே ஓர் அறையில் குடியிருந்தார். 1944-இல் உயிர் பிரிந்ததும் அங்கேதான். பயன்பாட்டு வேதியியலுக்கென்று 1920 வாக்கில் அந்தக் கல்லூரியில் தனித்துறை வந்தது. எண்ணெய்த் தொழில்நுட்பம் அதில் ஒரு கிளையாக வளர்ந்தது.

ராயை இன்று பெங்கால் கெமிக்கல் நிறுவனத்துக்காகவும் மெர்க்குரஸ் நைட்ரைட்டுக்காகவும் நினைக்கிறார்கள். அந்த இரண்டைவிட என்னை அதிகம் பாதித்தது அவருடைய இன்னொரு வேலை. எடின்பரோவில் படித்துத் திரும்பி 1889-இல் பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தவர், கல்கத்தாச் சந்தையில் விற்கும் நெய்யையும் கடுகெண்ணெயையும் சோதிக்க உட்கார்ந்தார். கலப்படம் இருக்கிறது என்று ஊரே சொன்னது. எது கலப்படம் என்று சொல்ல வேண்டுமானால் கலப்படமில்லாதது எப்படி இருக்கும் என்று முதலில் தெரிய வேண்டும் அல்லவா? ஐரோப்பியப் புத்தகங்களில் இருந்தது அந்த நாட்டு மாட்டின் வெண்ணெய், அந்த நாட்டு விதையின் எண்ணெய். ராய் அவற்றை எடுத்துக்கொள்ளவில்லை. தன் கண் முன்னால் பால் கறக்க வைத்து அதில் வெண்ணெய் எடுத்தார். தன் கண் முன்னால் கடுகைப் பிழிய வைத்து எண்ணெய் எடுத்தார். அந்த மாதிரிகளின் எண்களை வைத்துக்கொண்டுதான் சந்தைச் சரக்குக்குப் போனார். 1894-இல் வங்காள ஆசியவியல் கழகத்தின் இதழில் அந்தக் கட்டுரை வந்தது. இந்திய உணவுப் பொருள்களின் வேதியியல் ஆய்வு என்ற வரிசையில் கொழுப்பும் எண்ணெயும் பற்றிய பகுதி அது. இந்திய உணவுப் பகுப்பாய்வுக்கு அதைவிட நல்ல தொடக்கம் இருக்க முடியாது என்று நான் நினைக்கிறேன். புகழ் தரும் வேலை அல்ல அது. ஆண்டுக்கணக்கில் பொறுமையை வாங்கிக்கொண்ட வேலை.

இனி ஆய்வக மேசைக்கு வருகிறேன்.

இளங்கலை ஆய்வகத்தில் எண்ணெய்க்கு இரண்டு அளவீடுகள் தலையானவை. ஒன்று சோப்பாக்க எண், மற்றொன்று அயோடின் எண். சோப்பாக்க எண்ணுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிராம் எண்ணெயைத் துல்லியமாக நிறுத்து, 25 மில்லி அரை நார்மல் ஆல்கஹால் காரத்தை ஊற்றி, மேலே குளிர்விப்பான் மாட்டி ஏறக்குறைய ஒரு மணி நேரம் கொதிக்க விட வேண்டும். எண்ணெய்த் துளி எதுவும் மிதக்காமல் கரைசல் தெளிந்தால் வினை முடிந்தது. மிஞ்சிய காரத்தை அரை நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் அளக்கிறோம். ஃபினால்ப்தலீனின் இளஞ்சிவப்பு மறையும் இடத்தில் நிறுத்த வேண்டும். கானியில் ஆட்டிய கடுகெண்ணெய் நிறம் கூடியது, அதன் மஞ்சளில் இளஞ்சிவப்பு மறைவது சரியாகத் தெரியாது. அப்போது ஆல்கலி ப்ளூ போட்டால் கண்ணுக்கு எளிது.

இதே நேரத்தில், எண்ணெய் போடாத ஒரு குடுவையையும் அதே காரம், அதே கொதி, அதே நேரம் என்று வைக்க வேண்டும். இதுதான் வெற்றுச் சோதனை. மாணவர்கள் மிகவும் அலட்சியப்படுத்துவது இதைத்தான். ‘அதில்தான் ஒன்றுமே இல்லையே சார்’ என்பார்கள். கொல்கத்தாவின் ஆவணி, புரட்டாசிக் காற்றில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வில்லைகள் புட்டியைத் திறந்த சில நிமிடங்களில் பிசுபிசுத்துவிடும். காற்றின் கரியமில வாயுவையும் இழுக்கும். ஆல்கஹாலில் ஆல்டிஹைடு இருந்தால் காரம் பட்டு மஞ்சளாகி, ஓரிரு நாளில் தேநீர் நிறத்துக்கு வந்துவிடும். இந்தக் குறைகளையெல்லாம் எண்ணெயின் கணக்கில் ஏறாமல் பிடித்து வைப்பது அந்த ஒன்றுமில்லாத குடுவை. வெற்றுச் சோதனையை எடுக்காமல் நேற்றைய குழு எடுத்த அளவை வாங்கி எழுதுகிறவருக்கு நான் அன்றைய மதிப்பெண்ணைக் கொடுத்ததில்லை.

சோப்பாக்க எண் எதைச் சொல்கிறது என்பதையும் கையோடு கற்பிக்க வேண்டும். எண்ணெயின் மூலக்கூறு நீளமாக இருந்தால் ஒரு கிராமில் மூலக்கூறுகள் குறைவாக இருக்கும், அதைச் சோப்பாக்கக் காரமும் குறைவாகவே செலவாகும். தேங்காயெண்ணெயின் லாரிக் அமிலத்துக்கு 12 கார்பன். கடலையெண்ணெய், நல்லெண்ணெயில் பெரும்பங்கான ஒலீயிக், லினோலீயிக் அமிலங்களுக்கு 18. கடுகெண்ணெயில் ஏறக்குறைய பாதியாக இருக்கும் எருசிக் அமிலத்துக்கு 22. மூன்று லாரிக் சேர்ந்த தூய கொழுப்புக்குச் சோப்பாக்க எண் 263 என்று காகிதத்திலேயே கணக்கிடலாம். மூன்று ஒலீயிக்குக்கு 190, மூன்று எருசிக்குக்கு 160. சந்தைக்கு வாருங்கள். தேங்காயெண்ணெய் 250-க்கு மேல், கடலையெண்ணெயும் நல்லெண்ணெயும் 190-ஐ ஒட்டி, கடுகெண்ணெய் 168 முதல் 177 வரை. காகிதக் கணக்கும் குடுவைக் கணக்கும் கைகோத்து நிற்பதை முதன்முதலாகப் பார்க்கும் மாணவரின் முகம் மாறும். அதற்காகவே இந்தத் தொழிலில் இருக்கலாம்.

எண்ணெயில் இரட்டைப் பிணைப்பு எவ்வளவு என்று காட்டும் அயோடின் எண் இன்னும் நுணுக்கமானது. கடுகெண்ணெய் என்றால் கால் கிராம் போதும். தேங்காயெண்ணெயில் இரட்டைப் பிணைப்பு குறைவு என்பதால் அதைப்போலப் பல மடங்கு எடுக்க வேண்டும். கரைப்பானில் கரைத்து 25 மில்லி வைஸ் கரைசல் சேர்த்து, மூடியில் பொட்டாசியம் அயோடைடு கரைசலைத் தடவி, இருட்டில் அரை மணி நேரம் வைக்கிறோம். பிறகு தயோசல்ஃபேட்டால் அளக்கும்போது செம்பழுப்பு மெல்ல வைக்கோல் நிறமாகும். அந்த இடத்தில்தான் மாவுக் கரைசலைச் சேர்க்க வேண்டும், அவசரப்பட்டு முன்னாலேயே சேர்த்தால் நீலம் லேசில் போகாது. ஒரு காலத்தில் கரைப்பானாகக் கார்பன் டெட்ராகுளோரைடைத் தாராளமாக ஊற்றினோம். கல்லீரலுக்கும் ஓசோனுக்கும் கேடு என்று இன்று அதை விலக்கி சைக்ளோஹெக்சேன் வந்துவிட்டது. நல்லது நடந்திருக்கிறது.

மாதிரி எடுப்பதிலும் ஒரு பாடம் இருக்கிறது. கொல்கத்தாவில் மார்கழி, தை மாதங்களில் தேங்காயெண்ணெய் புட்டிக்குள் உறைந்துவிடும். காலையில் வரும் மாணவர் மேலே உருகியிருக்கும் கொஞ்சத்தைப் பிப்பெட்டில் உறிஞ்சி எடுத்துச் சோதிப்பார். அயோடின் எண் வரம்பைத் தாண்டும். உடனே ‘கலப்படம்’ என்று எழுதிவிடுவார். உண்மையில் முதலில் உறைவது நிறைவுற்ற கொழுப்பு. திரவமாக மிஞ்சுவது இரட்டைப் பிணைப்பு கூடிய பகுதி. புட்டி முழுவதையும் இளஞ்சூட்டில் உருக்கி, குலுக்கி, பிறகுதான் எடுக்க வேண்டும். இதைச் சென்னையில் கற்பிக்க வாய்ப்பு அரிது, குளிர் வரும் ஊரில்தான் அது கண்ணெதிரில் நடக்கும்.

இப்போது இந்த இரண்டு எண்களின் எல்லையைச் சொல்ல வேண்டும், இதுதான் என் பாடத்தின் நடுப்பகுதி. கடுகெண்ணெயின் அயோடின் எண் 96 முதல் 112 வரை. சோயா எண்ணெய்க்கு 130 வாக்கில், பாமோலினுக்கு 58 வாக்கில். சோயா அறுபது பங்கும் பாமோலின் நாற்பது பங்கும் கலந்தால் அயோடின் எண் 101 வரும். துளிக்கூடக் கடுகு சேராத எண்ணெய், கடுகின் வரம்புக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்! சோப்பாக்க எண் எடுத்தால் அந்தக் கலவை 195 வாக்கில் காட்டிக்கொடுத்துவிடும். சரி, அதே கலவையை நல்ல கடுகெண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் ஊற்றினால்? சோப்பாக்க எண் 172 இருந்த எண்ணெய் 176.6-க்குப் போகும். வரம்பு 177. இரண்டு சோதனையிலும் தேறிவிடும்.

இந்தக் கணக்கை நான் கரும்பலகையில் முழுதாகப் போட்டுக் காட்டுவேன். கலப்படக்காரருக்கு வழி சொல்லிக்கொடுப்பதாக ஆகாதா என்று ஒரு சக ஆசிரியர் கேட்டதுண்டு. கலப்படக்காரருக்கு இது எப்போதோ தெரியும். தெரியாதது மாணவருக்குத்தான். வரம்புக்குள் இருக்கிறது என்பது ஒன்று, தூய்மையாக இருக்கிறது என்பது வேறு. அறிக்கையில் முதலாவதை எழுதலாம், இரண்டாவதை எழுத இன்னும் சோதனைகள் வேண்டும். பெல்லியர் கலங்கல் வெப்பநிலை எடுக்கலாம். கடுகெண்ணெய்க்கு அது 23.0 முதல் 27.5 டிகிரி வரை, பனைவகை எண்ணெய் சேர்ந்தால் ஏறும். வாயு நிறப்பகுப்பியில் கொழுப்பு அமிலங்களைப் பிரித்து எருசிக் பங்கைப் பார்க்கலாம். தவிட்டெண்ணெய் கலந்திருந்தால் மெல்லடுக்கில் ஓரைசனால் புள்ளி தெரியும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வைத்து ஒப்பிட, நாமே விதை வாங்கிப் பிழிந்த ஒரு மாதிரி இருக்க வேண்டும். ராய் செய்தது அதைத்தான்.

விதை மாறினால் எண் மாறும் என்பதற்குச் சட்டத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. நம் ஊர் நல்லெண்ணெய்க்குச் சோப்பாக்க எண் 188 முதல் 193 வரை. ஆனால் மேற்கு வங்கம், அசாம், திரிபுராவில் விளையும் வெள்ளை எள்ளின் எண்ணெய்க்கு 185 முதல் 190 வரை என்று விதியில் தனியே எழுதியிருக்கிறார்கள். அயோடின் எண்ணும் அதற்குத் தனி, 115 முதல் 120 வரை. விருதுநகர்க் கணக்கைக் கொண்டு வங்கத்து எள்ளெண்ணெயைச் சோதித்தால் நேர்மையான உழவரின் சரக்கு கலப்படம் என்று தள்ளப்படலாம். எனக்கு இந்த விதியின் மீது ஒரு தனி மரியாதை. யாரோ ஒருவர் அந்த எள்ளை வாங்கிப் பிழிந்து, அளந்து, வேறுபாட்டை எழுதிவைத்ததால்தானே அது சட்டமானது!

நல்லெண்ணெயைப் பற்றிப் பேசும்போது போடுவான் சோதனையைச் சொல்லாமல் விட முடியாது. ஃபர்ஃபுரால் சில துளியும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்துக் குலுக்கினால், நல்லெண்ணெய் இருக்கும் இடத்தில் அமில அடுக்கு கருஞ்சிவப்பாகும். இந்தியாவில் வனஸ்பதியில் ஐந்து சதவீதம் நல்லெண்ணெய் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். சுவைக்காக அல்ல. நெய்யில் வனஸ்பதியைக் கலந்தால் உள்ளே இருக்கும் எள் நிறம் காட்டிக் கொடுத்துவிடும். மாணவர்களுக்கு மிகவும் பிடித்த சோதனை இது. ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. சில சாயங்கள் அமிலம் மட்டும் பட்டாலே சிவக்கும். அதனால் ஃபர்ஃபுரால் இல்லாமல் அமிலத்தை மட்டும் சேர்த்து ஒரு குழாய் முதலில் பார்க்க வேண்டும். இங்கேயும் வெற்றுச் சோதனைதான்.

கொல்கத்தாவில் எண்ணெய் கற்பிப்பவர் பிரம்மதண்டைத் தாண்டிப் போக முடியாது. நம் ஊர்த் தரிசுகளில் மஞ்சள் பூவும் முள் இலையுமாக நிற்குமே, அதே செடி. வங்காளத்தில் சியால்காண்டா என்பார்கள். அதன் விதை கருத்துச் சிறுத்து, பார்வைக்குக் கடுகைப் போலவே இருக்கும். உருப்பெருக்கியில் மேல்தோலின் வலைப்பின்னல் தெரியும், வெறுங்கண்ணில் கோணிப்பைக்குள் தெரியாது. அதன் எண்ணெயில் இருக்கும் சாங்குவினரின் இரத்த நுண்குழாய்களைத் தளர்த்திவிடுகிறது. கால் வீங்கும், மூச்சு வாங்கும், கண்ணில் நீரழுத்தம் ஏறும், இதயம் ஓய்ந்துபோகும். இந்த நோய் முதன்முதலில் 1877-இல் இதே கல்கத்தாவில்தான் பதிவானது. நெடுங்காலம் தொற்று என்றார்கள், கெட்டுப்போன அரிசி என்றார்கள், பெரிபெரியோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டார்கள். 1926-இல் சர்க்கார் என்ற மருத்துவர்தான் இந்த விதையின் மேல் சந்தேகத்தைத் திருப்பினார். 1930-களின் கடைசியில் அது உறுதியானது. முதல் பதிவுக்கும் காரணத்துக்கும் இடையில் அறுபது ஆண்டுகள்! 1998-இல் டெல்லியில் இதே எண்ணெயால் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காரணமும் தெரியும், சோதனையும் தெரியும், அப்படியிருந்தும்.

சோதனை எளியதே. எண்ணெயை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு சூடேற்றிக் குலுக்கி, அமில அடுக்கைப் பிரித்து, ஃபெர்ரிக் குளோரைடு சேர்த்துச் சூடாக்கினால், பிரம்மதண்டு எண்ணெய் இருக்கும்போது செம்மஞ்சள் ஊசிப் படிகங்கள் விழும். மிகக் குறைந்த அளவு என்றால் மெல்லடுக்கு நிறப்பகுப்பில், புற ஊதா விளக்கின் கீழ் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையை நான் செய்துகாட்டலாக மட்டும் வைத்ததில்லை. ஒவ்வொருவரும் தம் கையால் செய்து, படிகத்தை நுண்ணோக்கியில் பார்த்து வரைந்து தர வேண்டும். ஒரு முறை பார்த்தவர் அந்த ஊசிகளை மறக்க மாட்டார்.

1988-இல் தெற்குக் கொல்கத்தாவின் பெஹாலாவில் நடந்ததையும் சொல்வேன். அங்கே விற்ற ரேப்சீட் எண்ணெயில் ட்ரைகிரெசில் பாஸ்பேட் கலந்திருந்தது. அது தொழிற்சாலைப் பொருள், நரம்பைத் தாக்கும். நூற்றுக்கணக்கானவர்களின் கைகால் விளங்காமல் போயிற்று. சோப்பாக்க எண்ணும் அயோடின் எண்ணும் அதைக் காட்டாது, அப்படி ஒரு நஞ்சைத் தேடித் தனியே சோதித்தால்தான் தெரியும். கேட்ட கேள்விக்கு மட்டும்தான் சோதனை பதில் சொல்லும். பெஹாலா, டம்டம், ஹவுரா என்று பல பகுதிகளிலிருந்தும் வரும் பிள்ளைகளுக்கு இது பாடப்புத்தகச் செய்தி இல்லை. அவர்கள் தெருவின் செய்தி.

எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை நல்ல பக்கத்திலும் பார்க்க வேண்டும். நான் படித்த காலத்தில் எங்கள் துறையில் பெரிய ஆர்வமே புது எண்ணெய் மூலங்கள்தான். ஜார்கிராம், பாங்குரா, புருலியாக் காடுகளில் கோடையின் கடைசியில் சந்தால் பெண்கள் பொறுக்கும் குங்கிலிய மரத்து விதை, அதாவது சால், கோகோ வெண்ணெயோடு போட்டிபோடக்கூடிய கொழுப்பைத் தருகிறது. மழைக்கு முன் பொறுக்கி உலர்த்தாவிட்டால் அமிலம் ஏறிப் பயனற்றுப் போகும். இலுப்பை நமக்குக் கோயில் விளக்கு, அங்கே சமையல் எண்ணெய். மாங்கொட்டைப் பருப்பிலும் கொழுப்பு இருக்கிறது.

எல்லாவற்றையும்விடப் பெரியது தவிடு. பர்தமான் பக்கம் போனால் அரிசி ஆலைகள் வரிசையாக நிற்கும். தவிட்டில் 15 முதல் 20 சதவீதம் எண்ணெய் இருக்கிறது, புழுங்கலரிசித் தவிட்டில் இன்னும் கூடும். ஆனால் நெல்லை அரைத்த நொடியிலிருந்து தவிட்டின் லைபேஸ் நொதி எண்ணெயை உடைக்கத் தொடங்கிவிடும். பச்சரிசித் தவிட்டைச் சில மணி நேரத்துக்குள் சூடேற்றி நொதியைக் கொன்றால்தான் எண்ணெய் சமையலுக்கு ஆகும், இல்லாவிட்டால் சோப்புக்குத்தான் போகும். எங்கள் பல்கலைக்கழகத்தில் திலீப் குமார் பட்டாச்சார்யா இதைத் திருப்பிப் பார்த்தார். எண்ணெயைக் கெடுப்பது லைபேஸ் என்றால் அதே இனத்து நொதியைக் கொண்டு, வெற்றிடத்தில் நீரை வெளியேற்றி, உடைந்த கொழுப்பு அமிலங்களைக் கிளிசராலோடு மீண்டும் கோக்க முடியாதா? 1989-இல் அவர் குழு வெளியிட்ட அந்த ஆய்வை என் வகுப்பில் ஆண்டுதோறும் விளக்கினேன். வினை இரு பக்கமும் ஓடும் என்று பதினொன்றாம் வகுப்பில் படித்ததை, ஓர் ஏழை எண்ணெயைக் காப்பாற்ற எடுத்து வைத்த அழகு அது.

மாணவர்களிடம் நான் சலித்துக்கொண்டது ஒரே விஷயத்துக்காக. எண்களைத் திருத்துவார்கள். புத்தகத்தில் 172 என்று இருந்தால் வகுப்பு முழுவதும் 171.8, 172.1 என்று வரும். திருத்தியதற்கு அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. ‘சரியான விடைக்கு’ மதிப்பெண் போடும் தேர்வு முறைதான் அதைக் கற்றுக்கொடுத்தது. நான் வேறு வழி எடுத்தேன். விடை எனக்கே தெரியாத எண்ணெயைக் கொடுத்தேன். வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னேன். கிராமத்துக் கானி எண்ணெய் வந்தது, பாட்டியின் தலைக்கெண்ணெய் வந்தது, தெருமுனைத் தேலேபாஜா (எண்ணெய்ப் பலகார) கடையில் கேட்டு வாங்கிய கறுத்த எண்ணெய் வந்தது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்று 2018 முதல் விதி இருக்கிறது. அதை அளக்கும் வசதி இல்லாவிட்டாலும் அமில எண்ணும் நிறமும் பிசுக்கும் எந்தப் பக்கம் நகர்கின்றன என்பதைப் புது எண்ணெயோடு ஒப்பிட்டுப் பிள்ளைகளே பார்த்தார்கள். யாரும் எண்ணைத் திருத்தவில்லை, திருத்த ‘சரியான’ எண் கையில் இல்லை. மூன்று முறை அளந்து மூன்றும் ஒத்துவந்ததா, வெற்றுச் சோதனை எடுத்தார்களா, மாதிரி எங்கிருந்து வந்தது என்று எழுதினார்களா என்பதற்கு மட்டும் மதிப்பெண் போட்டேன்.

இப்போது பல கல்லூரிகளில் வாயு நிறப்பகுப்பி வந்துவிட்டது. ஊசியைக் குத்தினால் திரையில் முகடுகள் வரிசையாக எழும். நல்ல கருவி, வேண்டாம் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். ஆனால் எந்த முகடு எருசிக், எது ஒலீயிக் என்பதை அதற்கும் தெரிந்த மாதிரியைக் கொடுத்துத்தான் கற்பிக்க வேண்டும். சோப்பாக்க எண்ணைக் கையால் எடுத்துப் பழகாதவர் திரையில் வரும் எண்ணைச் சந்தேகிக்கத் தெரியாமல் நிற்பதை நேரில் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் எண்ணெய் வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அளந்து ஊற்றும் சில்லறைக் கடுகெண்ணெயை வாங்காதீர்கள். கடுகெண்ணெயில் வேறு எண்ணெய் கலந்து விற்பது 2021 ஜூன் முதல் அறவே தடை. முத்திரையும் உரிம எண்ணும் உள்ள புட்டியில் தவறு இருந்தால் யாரைக் கேட்பது என்றாவது தெரியும். பாத்திரத்தில் ஊற்றி வாங்கிய எண்ணெய்க்கு முகவரி கிடையாது.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் வேதியியல் ஆய்வகம் நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆய்வகத்தில் ஓர் அலமாரியை விதைகளுக்கு ஒதுக்குங்கள். எள், நிலக்கடலை, கொப்பரை, கடுகு, ஆமணக்கு, பருத்திக்கொட்டை ஆகியவற்றோடு தனிப் புட்டியில் பூட்டிவைத்து பிரம்மதண்டு விதையும் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒரு முறை மாணவர்களையே செக்கடிக்கு அழைத்துப்போய், அவர்கள் கண் முன்னால் எள்ளை ஆட்டச் சொல்லி எண்ணெயை வாங்கி வாருங்கள். புட்டியில் என்ன விதை, எந்த ஊர், எந்த நாள் ஆட்டியது என்று எழுதி ஒட்டி, குளிர்பெட்டியில் வையுங்கள். அந்த ஆண்டின் ஒவ்வொரு சோதனையையும் அதோடு ஒப்பிடச் சொல்லுங்கள். கூடுதல் செலவு சில கிலோ எள்ளின் விலையும் செக்குக் கூலியும்தான்.